ஹெரால்டைத் தேடிப் போனவள்

ஜெயசீலனையும் உமாராணியையும் சேர்த்து வைத்தது நார்மன்கள்தான் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் நடந்தது அதுதான்.

ஷார்ஜாவில் முவைலாவில் வில்பிரட் குடும்பத்தோடு இருந்தார். ஏசி டெக்னீஷியன். குளச்சல் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரர். அவர் மகள் ரினி ஏழாம் வகுப்பு. உமாராணி ஹிஸ்டரி டீச்சராக இருந்த அதே பிரிட்டிஷ் பாடத்திட்டப் பள்ளியில்தான் படித்தாள். கணக்கு, சயின்ஸ் எல்லாம் வரும், ஹிஸ்டரி மட்டும் வராது. அதனால் லீவு நாளான வெள்ளிக்கிழமை காலையில் உமாராணி வீட்டுக்கே வந்து டியூஷன் எடுப்பாள்.

உமாராணிக்கு அப்போது முப்பத்தேழு வயது. கோவில்பட்டிக்காரி. நான்கு வருடக் கல்யாண வாழ்க்கையை கோர்ட்டில் முடித்துக்கொண்டு, ஊர் வாய்க்குத் தப்பி விமானம் ஏறியவள். பள்ளிக்குப் பக்கத்தில் இரண்டு மலையாளி டீச்சர்களோடு ஃபிளாட்டில் இருந்தாள்.

2006 அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை. ரினிக்கு நார்மன்கள் பாடம். வடக்கேயிருந்து படகில் வந்து கொள்ளையடித்தவர்கள், பிரான்ஸில் ராஜாவை மிரட்டி நிலம் வாங்கி உட்கார்ந்துகொண்டதை உமாராணி சொல்லிக்கொண்டிருந்தாள். மூன்று நான்கு தலைமுறைக்குள் சொந்த பாஷையையும் சொந்த சாமியையும் மறந்து பிரெஞ்சுக்காரர்களாகவே ஆகிப்போனார்கள் என்றாள். பிறகு அவர்களில் ஒருவன், வில்லியம், இங்கிலாந்து தனக்குத்தான் சேரவேண்டும் என்று கப்பல்களைத் திரட்டிக்கொண்டு கடற்கரையில் வந்து நிற்கிறான்.

ஹாலின் மூலையில் டீ கிளாஸோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார். வில்பிரட்டின் ஊர்க்காரர், ஜெயசீலன். புஜைராவில் எண்ணெய் டேங்குகளுக்குப் பராமரிப்பு வேலை பார்க்கும் கம்பெனியில் ஃபோர்மேன். வாராவாரம் வெள்ளிக்கிழமை பஸ் பிடித்து வில்பிரட் வீட்டுக்கு மீன்குழம்பு சாப்பிட வருவார்.

"டீச்சரே, ஒரு சந்தேகம்" என்றார். "அந்த வில்லியம் ஏன் உடனே கெளம்பல?"

"காத்து சரியில்ல. தெக்குக் காத்து அடிச்சாத்தான் அந்தக் கடலைத் தாண்ட முடியும். ஒரு மாசத்துக்கு மேல காத்துக் கெடந்தான்."

"அத்தன பேரையும் கரையில வச்சுக்கிட்டு ஒரு மாசம் சோறு போட்டானா? அப்ப பெரிய ஆளுதான்."

ரினி சிரித்துவிட்டாள். உமாராணிக்கும் சிரிப்பு வந்தது. பாடப் புத்தகத்தில் வில்லியமின் வீரம் இருந்தது, கப்பல் எண்ணிக்கை இருந்தது. சோறு இல்லை.

"பெறவு காத்து திரும்பிச்சா?"

"திரும்பிச்சு."

"அது எப்பவும் திரும்பத்தான் செய்யும்" என்று அவர் டீயைக் குடித்தார்.

அடுத்த வாரம் அவர் முன்னதாகவே வந்து உட்கார்ந்திருந்தார். அதற்கடுத்த வாரமும். இங்கிலாந்து ராஜா ஹெரால்ட், வடக்கே நார்வேக்காரர்களை அடித்து நொறுக்கிய கையோடு தெற்கே வில்லியம் இறங்கிவிட்ட சேதி கேட்டு, களைத்த படையை இழுத்துக்கொண்டு நாடு முழுக்க நடந்து வந்ததை உமாராணி சொன்னபோது, ஜெயசீலன் "ஒரு நாலு நாள் ரெஸ்ட் எடுத்திருக்கலாமே பாவி" என்று உண்மையாகவே வருத்தப்பட்டார். ரினிக்காகச் சொல்ல ஆரம்பித்த பாடத்தை அவள் மெல்ல மெல்ல மூலையில் இருந்தவருக்காகச் சொல்ல ஆரம்பித்தாள். அது தனக்கே தெரிந்தும் அவள் நிறுத்தவில்லை.

ஹெரால்டும் வில்லியமும் மோதிய ஹேஸ்டிங்ஸ் போரைச் சொன்ன வாரம், பாடம் முடிந்து ரினி எழுந்து போய்விட்டாள். ஜெயசீலன் போகவில்லை.

"ராஜா செத்துட்டான். சரி. பெறவு அவன் ஒடம்ப என்ன செஞ்சாவ?"

அது பாடத்தில் இல்லை. ஆனால் உமாராணிக்குத் தெரியும். கல்லூரியில் படித்த நாளிலிருந்து அவள் மனதை விட்டுப் போகாத பகுதி அது.

"களத்துல கெடந்த ஒடம்பையெல்லாம் உரிச்சு எடுத்துட்டாங்க. துணி, கவசம் எதுவும் இல்ல. ஹெரால்டு முகம் அடையாளமே தெரியாத மாதிரி வெட்டுப்பட்டுக் கெடந்தது. யாருக்கும் எது ராஜான்னு சொல்ல முடியல. கடைசியில எடித்னு ஒரு பொம்பளையக் கூட்டிட்டு வந்தாங்க. அன்னத்துக் கழுத்துக்காரின்னு அவளுக்குப் பேரு. அவதான் பொணங்களுக்கு நடுவுல நடந்து போயி, ஒவ்வொண்ணா பார்த்து, அவளுக்கு மட்டும் தெரிஞ்ச ஏதோ அடையாளத்த வச்சு, இதுதான்னு காட்டினாளாம்."

"ராணியா?"

"இல்ல. கோயில்ல வச்சுக் கட்டிக்கல. இருபது வருஷம் சேர்ந்து இருந்தாங்க, பிள்ளைங்களும் இருந்தது. ராஜ்ஜியத்துக்காக அவன் கடைசியில வேற ஒருத்தியக் கட்டிக்கிட்டான்."

"இருபது வருஷம் இருந்தா பெஞ்சாதிதானே" என்றார் ஜெயசீலன். பிறகு எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார்.

உமாராணி தண்ணீர் எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனாள். அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கீழே கார்கள் நிற்கிற மணல் பரப்பைப் பார்த்தபடி நின்றார்.

"எனக்கு ஒரு பிள்ள இருந்துச்சு டீச்சரே. ஆறு வயசு. சுனாமில போச்சு. நான் இங்க இருந்தேன். டிக்கெட் கெடச்சு ஊர் போய்ச் சேர மூணு நாளாச்சு. அதுக்குள்ள எல்லாரையும் ஒரே குழியில போட்டு மூடிட்டாவ. தப்பு சொல்ல முடியாது, வேற என்ன செய்வாவ. எனக்க பெஞ்சாதி ஆஸ்பத்திரியில கெடந்தா. இது எனக்க பிள்ளன்னு சொல்ல ஒரு ஆளு இல்ல. குழிக்குள்ள அது எங்க கெடக்குன்னுகூட எனக்குத் தெரியாது." அவர் தண்ணீரை வாங்கினார், குடிக்கவில்லை. "அந்தப் பொம்பள பொணங்களுக்கு நடுவுல தேடிப் போனான்னு சொன்னியளே. நல்ல காரியம் செஞ்சா."

உமாராணி அவர் அருகில் வெகுநேரம் நின்றாள்.

பிறகு நடந்தது எல்லோருக்கும் நடப்பதுதான். வெள்ளிக்கிழமைப் பேச்சு தினசரி ஃபோன் ஆனது. அவருக்கு ஊரில் மனைவி இருந்தாள், தங்கபுஷ்பம். பிள்ளை போன பிறகு இருவராலும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியவில்லை. 'நீ ஏன் பிள்ளைய கடக்கரைக்கு விட்ட' என்று இவர் ஒருமுறை கேட்டுவிட்டார். 'நீங்க ஏன் இங்க இல்ல' என்று அவள் ஒருமுறை கேட்டுவிட்டாள். அதற்கப்புறம் அவர் லீவுக்குக்கூட ஊருக்குப் போகவில்லை. செலவுக்கு மாதாமாதம் அனுப்பினார். கத்தோலிக்கர்களுக்குக் கல்யாணம் முறிவதில்லை, அதனால் முறிந்த கல்யாணம் அப்படியே கிடந்தது.

உமாராணியும் அவரும் பார்த்துக்கொள்வது சுலபமாக இல்லை. ஒருவரை ஒருவர் கல்யாணம் செய்யாத ஆணும் பெண்ணும் சேர்ந்திருப்பது அந்த நாட்டில் ஜெயில் விஷயம். பிறகு விசாவும் போய்விடும். கோர்ஃபக்கான் கடற்கரையில் குடும்பங்களுக்கு நடுவே எட்ட எட்ட உட்கார்ந்து பேசுவார்கள். ஜூலையில் வில்பிரட் குடும்பம் லீவில் ஊருக்குப் போகும்போது, வில்பிரட் ஒன்றும் கேட்காமல் சாவியை ஜெயசீலன் கையில் கொடுத்துவிட்டுப் போவார். அப்படி இரண்டு ஜூலை. அவர்களுடைய வாழ்க்கை மொத்தமும் அவ்வளவுதான்.

அந்த நாட்களிலும் அவர் நார்மன்களை விடவில்லை. "இங்கிலாந்தோட முடிஞ்சிட்டா?" என்று கேட்பார். உமாராணி அவருக்கு சிசிலியைச் சொன்னாள். அதே கூட்டத்தில் இன்னொரு கிளை, கூலிப்படையாகத் தெற்கே போனவர்கள், கடைசியில் சிசிலித் தீவையே பிடித்து, ரோஜர் என்று ஒருவன் அங்கே ராஜாவாக உட்கார்ந்தான். அவனுடைய அங்கியின் ஓரம் முழுக்க அரபி எழுத்து நெய்திருந்தது. ஆபீசில் அரபிகள்தான் கணக்கு எழுதினார்கள்.

"அப்ப அங்கயும் நம்மள மாதிரி பொழைக்கப் போனவன்தான்" என்றார் அவர். "வித்தியாசம் என்னன்னா, அவன் விசா குடுத்த மொதலாளி கஃபீலையே தொரத்திட்டான்."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். கடைசிவரை அவர் அவளை டீச்சரே என்றுதான் கூப்பிட்டார். ராத்திரி காதுக்குள் பேசும்போதும் டீச்சரேதான்.

2008 அக்டோபரில், ஒரு திங்கட்கிழமை, பள்ளி முடிகிற நேரத்தில் வில்பிரட் ஃபோன் செய்தார். அவர் பேசுவதற்கு முன்பே உமாராணி சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

டேங்கைச் சுத்தம் செய்துகொண்டிருந்தபோது உள்ளே தீப்பிடித்திருக்கிறது. மூன்று பேரை வெளியே இழுத்துவிட்டார்கள். இரண்டு பேரை முடியவில்லை. ஒருவர் ஒரிசாக்காரர். இன்னொருவர் ஜெயசீலன். வெளியே நின்றிருக்க வேண்டியவர், உள்ளே சத்தம் கேட்டு ஓடியிருக்கிறார்.

அன்று மாலையும் மறுநாளும் அவள் என்ன செய்தாள் என்று அவளுக்கே பிறகு நினைவில்லை. புதன்கிழமை மாலை வில்பிரட் அவளைத் தேடி வந்தார். ஃபிளாட்டுக்கு உள்ளே வரவில்லை, மாடிப்படியில் நின்றே பேசினார்.

"டீச்சர், நான் நேத்து போயிப் பாத்தேன். எனக்குத் தெரியல." அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ரெண்டு பேரும் ஒரே ஒசரம், ஒரே கட்டு. மொகம் இல்ல. கை ரேகையும் எடுக்க முடியாதாம். ஊர்லருந்து ரத்தம் வரவழைச்சு டெஸ்ட் பண்ணலாம், அதுக்கு மாசக் கணக்காகும்னு சொல்லுதாவ. அதுவரைக்கும் ஐஸ்ல கெடக்கணும். கம்பெனிக்காரனுக்கு சீக்கிரம் முடிக்கணும். எந்த எடத்துல கெடந்தாவளோ அத வச்சு, இது இன்னாரு, அது இன்னாருன்னு எழுதி அனுப்பிரலாம்னு பேசுதான். மாறிப்போச்சுன்னா..."

உமாராணி படியில் உட்கார்ந்துவிட்டாள்.

வில்பிரட் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "ஏதாச்சும் அடையாளம் இருந்தா எங்கிட்ட சொல்லுங்க. நான் போய்ச் சொல்லிருதேன். நீங்க வரவேண்டாம்."

அவள் வாயைத் திறந்தாள். சொல்ல முடியவில்லை. வெட்கம் அல்ல. சொல்லிவிட்டால், அவரை இனி ஒருபோதும் பார்க்கமாட்டாள்.

"நானே வர்றேன்" என்றாள்.

"யாரு நீங்கன்னு கேப்பான் டீச்சர். போலீஸ் இருக்கும். யோசிச்சுக்கிடுங்க. மாட்டுனா ஜெயிலு, வேலையும் போயிரும்."

"அவரு பிள்ளைய யாரும் அடையாளம் காட்டாமப் பொதச்சாங்க. அவரையும் அப்படி விடச் சொல்றீங்களா?"



வியாழக்கிழமை பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு, வில்பிரட்டின் காரில் மசாஃபி மலைகளைத் தாண்டிப் புஜைராவுக்குப் போனார்கள். வழியில் வில்பிரட், "தங்கச்சின்னு சொல்லுங்க" என்றார். அவள் தலையசைத்தாள்.

ஆஸ்பத்திரியின் பின்புறம், பிணவறைக்கு முன்னால் ஒரு சின்ன ஆபீஸ். இளம் வயது போலீஸ்காரர் ஒருவர், சீருடை மடிப்புக் கலையாமல் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கம்பெனிக்காக அரசு ஆபீஸ் வேலைகளைப் பார்க்கும் பிஆர்ஓ ஹபீப் முகம்மது. காயல்பட்டினத்துக்காரர், நரைத்த தாடி. இங்கேயே முப்பது வருடம் கழித்தவர்.

போலீஸ்காரர் அரபியில் ஏதோ கேட்டார். ஹபீப் முகம்மது தமிழில் கேட்டார்: "இறந்தவருக்கு நீங்க என்னம்மா வேணும்?"

"தங்கச்சி" என்றாள் உமாராணி. அந்தச் சொல் வாயில் மண் மாதிரி இருந்தது.

"பாஸ்போர்ட் குடுங்க."

கொடுத்தாள். ஹபீப் முகம்மது முதல் பக்கத்தைப் பார்த்தார், கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். அதில் அவள் அப்பாவின் பெயர் இருந்தது, ஆறுமுகம். மேசைமேல் கிடந்த ஜெயசீலனின் பாஸ்போர்ட் நகலில் அவர் அப்பாவின் பெயர் இருந்தது, மரிய சூசை. ஹபீப் முகம்மது இரண்டையும் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். அவள் தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள்.

போலீஸ்காரர் மறுபடி ஏதோ கேட்டார். ஹபீப் முகம்மது பாஸ்போர்ட்டை மூடிக் கையிலேயே வைத்துக்கொண்டு, "உக்து" என்றார். சகோதரி. பிறகு அரபியில் இன்னும் ஏதோ சொன்னார். போலீஸ்காரர் உமாராணியைப் பார்த்து, மரியாதையாகத் தலையைத் தாழ்த்தினார்.

எழுந்து போகும்போது ஹபீப் முகம்மது தணிந்த குரலில் சொன்னார்: "உள்ள போயி அதிகம் பேசாதீங்கம்மா. அதிகம் அழாதீங்க. பாத்துட்டு, ஆமா இல்லன்னு மட்டும் சொல்லுங்க."

உள்ளே குளிர். இரண்டு மேசைகள். வெள்ளைத் துணி. வில்பிரட் வாசலிலேயே நின்றுவிட்டார்.

முதல் மேசையில் துணியை விலக்கினார்கள். உமாராணி முகத்தைப் பார்க்கவில்லை, பார்ப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை. "திருப்பச் சொல்லுங்க" என்றாள். உதவியாளர் கொஞ்சம் திருப்பினார். தரையில் படுத்தபடி கிடந்ததால் ஒரு பக்கம் தீ படாமல் இருந்தது. இடுப்பு, தொடையின் பக்கம். ஒன்றும் இல்லை. வேறு யாரோ. அவளையும் அறியாமல் அந்த மனிதரிடம் கைகூப்பிவிட்டு நகர்ந்தாள்.

இரண்டாவது மேசையில் திருப்பச் சொல்லத் தேவையிருக்கவில்லை. துணி விலகும்போதே இடுப்பின் இடது பக்கம், எலும்புக்குக் கொஞ்சம் கீழே, புளியங்கொட்டை அளவில், புளியங்கொட்டை நிறத்தில், அந்த மச்சம் தெரிந்தது. முதல் ஜூலையில் அவள் அதன்மேல் விரலை வைத்து, இது பிறப்பிலேயே வந்ததா என்று கேட்டாள். 'எங்கம்மா கர்ப்பத்துல புளி தின்னுச்சாம்' என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

அவள் அதைத் தொட்டாள். குளிர்ந்திருந்தது. உதவியாளர் தடுக்க வந்தார். ஹபீப் முகம்மது அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இவருதாம்மா?"

"ஆமா. அண்ணன்தான்."

அண்ணனுக்காகத் தங்கச்சி எவ்வளவு அழலாமோ அதற்கு மேல் ஒரு சொட்டுக்கூட அழுதுவிடக்கூடாது என்று பயந்து, அழவே இல்லை. காகிதத்தில் கையெழுத்துப் போட்டாள். ஹபீப் முகம்மது பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்தபோது, "அல்லாஹ் லேசாக்குவான்மா" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை.

அடுத்த வாரம் பெட்டி விமானத்தில் ஏறியது. கூடவே போக அவளுக்கு உரிமை இல்லை, காரணமும் இல்லை. வில்பிரட் போனார்.

அந்த ஆண்டும் அக்டோபர் என்றால் ஏழாம் வகுப்புக்கு நார்மன்கள். உமாராணிக்கு லீவு கிடையாது. அண்ணன் இறந்தான் என்று பள்ளியில் அவள் சொல்லவில்லை, அவளுக்கு அண்ணன் இல்லை என்பது அவர்களுக்குத் தெரியும். பலகையில் ஹேஸ்டிங்ஸ் குன்றை வரைந்தாள். மேலே ஹெரால்டின் கேடயச் சுவர், கீழே வில்லியமின் குதிரைகள். கை தன் வேலையைச் செய்தது.

ஒரு லெபனான் பெண் குழந்தை கையைத் தூக்கினாள். போர் முடிந்ததும் ஹெரால்டின் அம்மா, மகனின் உடல் எடைக்கு எடை தங்கம் தருகிறேன், கொடுங்கள் என்று வில்லியமிடம் கேட்டதாக எங்கேயோ படித்திருக்கிறாள். "ஏன் மிஸ் கொடுக்கல?"

"கல்லறை இருந்தா ஜனங்க அங்க வந்து அழுவாங்க" என்றாள் உமாராணி ஆங்கிலத்தில். "அப்படி ஜனங்க ஒரு இடத்துல கூடுறது ஜெயிச்சவனுக்குப் பிடிக்காது. கடற்கரையில பொதைக்கச் சொன்னான்னு ஒரு கதை. வால்தம்ங்கிற ஊர் மடத்துல பொதைச்சாங்கன்னு இன்னொரு கதை. நிச்சயமா எங்கேன்னு இன்னைக்கு யாருக்கும் தெரியாது."

"அடையாளம் காட்டின லேடி? அவங்க என்ன ஆனாங்க?"

உமாராணி சாக்பீஸை வைத்தாள். "அவளைப் பத்தி அதுக்கப்புறம் யாரும் எதுவும் எழுதல" என்றாள்.

மணி அடித்தது. பிள்ளைகள் வெளியே போனார்கள். மேசை டிராயரில் ஃபோன் அதிர்ந்துகொண்டிருந்தது. இந்திய நம்பர்.

"உமா டீச்சரா?"

"ஆமா."

"கொளச்சல்ல இருந்து பேசுதேன். தங்கபுஷ்பம்."

உமாராணி ஃபோனை எடுத்துக்கொண்டு, வகுப்பறைக்குப் பக்கத்தில் பழைய தேசப்படங்கள் சுருட்டி வைத்திருந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

"வில்பிரட்டுட்ட கேட்டு நம்பர் வாங்குனேன். பெட்டி வந்துட்டு. நடுவீட்டுல வச்சிருக்கு. சீல் வச்சு அனுப்பியிருக்காவ, தெறக்கப்பிடாதுன்னு சொல்லுதாவ. ஊர்க்காரவியளும் வேண்டாம்ங்காவ." மூச்சு வாங்கியது. "உள்ள இருக்கது அவருதானா?"

"அவருதான்."

"நல்லாத் தெரியுமா? எனக்க பிள்ள எந்த எடத்துல கெடக்குன்னு எனக்குத் தெரியாது. மெழுகுத்திரி கொளுத்தணும்னா அந்த மொத்தக் குழிக்கும்தான் கொளுத்துதேன். இவரையும் எனக்கு அப்பிடித் தந்திரப்பிடாது. அதுக்காக்கும் கேக்கேன்."

"அவருதான். நானே போய்ப் பாத்தேன்."

"மொகம் இல்லன்னு வில்பிரட் சொல்லிச்சு. பெறவு எத வச்சுச் சொல்லுதிய?"

மறுபக்கத்தில் பெண்கள் ஜெபமாலை சொல்லும் சத்தம் அலை அலையாகக் கேட்டது.

"பேப்பர்ல தங்கச்சின்னு போட்டிருக்கு. அவருக்குக் கூடப்பொறந்த தங்கச்சி கெடையாது டீச்சர்" என்றாள் தங்கபுஷ்பம். குரலில் கோபம் இல்லை. களைப்பு இருந்தது. "மச்சத்தப் பாத்தியளா?"

"ஆமா."

"எந்தப் பக்கம்?"

"இடது பக்கம். இடுப்பெலும்புக்குக் கீழ."

ஃபோனை வைத்துவிட்டாள் என்றே உமாராணி நினைத்தாள்.

"புளியங்கொட்ட மாதிரி" என்றாள் தங்கபுஷ்பம்.

"ஆமா."

"அப்ப அவருதான்." அவள் அழுதாள். சத்தமில்லாமல் அழுதாள், மூச்சு மட்டும் கேட்டது. உமாராணி காத்திருந்தாள். வசவு வரும், சாபம் வரும், அதைக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று தயாராக நின்றாள்.

"எத்தன வருஷம்?"

"ரெண்டு."

"ஒன்ன மன்னிச்சிட்டேன்னு நெனச்சுக்கிடாத. எனக்கு அதுக்கெல்லாம் மனசு கெடையாது."

"சரிக்கா."

"அக்கான்னு கூப்பிடாத."

"சரி."

ஜெபமாலைச் சத்தம் நின்று மறுபடி தொடங்கியது. யாரோ 'புஷ்பம்' என்று கூப்பிட்டார்கள். அவள் போகவில்லை.

"நீ அங்க ஒத்தையிலயா இருக்க?"

"ரூம்ல ரெண்டு பேரு இருக்காங்க. அவங்களுக்கு எதுவும் தெரியாது."

"அழுதியா?"

"இல்ல" என்றாள் உமாராணி. "தங்கச்சின்னு சொல்லிட்டேன். அதுக்கு மேல அழ முடியல."



"இங்க அவருக்காக அழ ஊரே இருக்கு" என்றாள் தங்கபுஷ்பம். "நீ இப்ப அழு. நான் ஃபோன வைக்கல."

உமாராணி சுருட்டிய தேசப்படங்களின்மேல் சாய்ந்து உட்கார்ந்தாள். முதலில் குரலே வரவில்லை. வந்தபோது அது அவளுடைய குரலாக இல்லை. வாயைத் துப்பட்டாவால் பொத்திக்கொண்டு, பொத்தியும் அடங்காமல் அழுதாள். அவர் பெயரைச் சொல்லி அழுதாள். அதுவரை எந்த மனிதருக்கும் கேட்கும்படி அந்தப் பெயரை அவள் அப்படிச் சொன்னதில்லை. மறுபக்கத்தில் தங்கபுஷ்பம் தேற்றவும் இல்லை, நிறுத்தச் சொல்லவும் இல்லை. கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தாள்.

பிறகு, "சாமியாரு வந்துட்டாரு. வைக்கேன்" என்றாள். வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு இருவரும் பேசவில்லை. வில்பிரட் திரும்பி வந்து, அடக்கம் நல்லபடியாக நடந்தது, கல்லறை கோயிலுக்கு வடக்கே, வேப்பமரத்துக்குப் பக்கத்தில் என்று சொன்னார். ஒரிசாக்காரரின் பெட்டியும் அவர் ஊருக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்தது. உமாராணி வெள்ளிக்கிழமைகளில் முவைலாவுக்குப் போவதை நிறுத்தினாள். ரினி ஒருமுறை பள்ளி வராந்தாவில் அவளைக் கட்டிக்கொண்டாள், ஏன் என்று இருவரும் சொல்லிக்கொள்ளவில்லை. அடுத்த ஆண்டு ஏழாம் வகுப்பை வேறொரு டீச்சருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு, அவள் பெரிய வகுப்புகளை எடுத்துக்கொண்டாள்.

2009 கோடை விடுமுறையில் ஊருக்கு வந்தவள், யாரிடமும் சொல்லாமல் நாகர்கோவிலுக்குப் பஸ் ஏறினாள். வடசேரி பஸ் ஸ்டாண்டில் பூக்காரியிடம் சம்பங்கி மாலை வாங்கினாள். குளச்சல் பஸ் வந்து நின்றது. நடத்துனர் ஊர்ப் பெயர்களைக் கத்திக் கூப்பிட்டார். அது போனது. இன்னொன்று வந்தது. கோயிலுக்கு வடக்கே வேப்பமரம் என்று கேட்டால் யாராவது வழிகாட்டுவார்கள், காட்டிவிட்டு நீங்க யாரு என்று நிச்சயம் கேட்பார்கள். சின்ன ஊர். அவள் அங்கே போய் நின்றால், தங்கபுஷ்பம் இந்த ஒன்பது மாதமாக ஊரில் காப்பாற்றி வைத்திருந்த கௌரவம் எல்லாம் ஒரே மாலையில் போய்விடும்.

வெயில் இறங்கும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மாலை மடியில் வாடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தவள், "எங்கக்கா போவணும்? ரொம்ப நேரமா இருக்கியளே" என்று கேட்டாள்.

"கோவில்பட்டி" என்றாள் உமாராணி. பூவை அந்தப் பெண்ணின் கையில் கொடுத்துவிட்டு, திருநெல்வேலி பஸ் நிற்கும் பக்கம் நடந்தாள்.